பிரேக் இன்ஸ்பெக்டரின் ஒரு வரி

அரசு எனக்குக் கொடுத்த பதவிப் பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஜனங்கள் கொடுத்தது பிரேக் இன்ஸ்பெக்டர். லைசென்ஸுக்கு எட்டுப் போட வருகிறவர்களைப் பார்ப்பது, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வரும் வண்டிகளைச் சோதிப்பது என்று நாள் ஓடும். நடுவில் எங்காவது விபத்தில் உயிர் போனால் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்துவிடும்.

வண்டியை ஸ்டேஷன் பக்கத்திலேயே நிறுத்தியிருப்பார்கள். நசுங்கிய இடங்களைக் குறித்துக்கொண்டு, பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு எல்லாம் பார்த்து, கடைசியாக ஒரு வரி எழுத வேண்டும்: ‘இந்த விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல.’ முதல் தகவல் அறிக்கையில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி’ என்று ரைட்டர் முன்பே எழுதிவிட்டிருப்பார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் டிரைவரைத் தவிர வேறு யாரும் மிச்சமில்லை.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரு சிமெண்டு லாரி பைக் ஒன்றின் மேல் ஏறிவிட்டது. பைக்கில் வந்தவர் அங்கேயே போய்விட்டார். பிரேக் பிடிக்கவில்லை என்பது டிரைவரின் வாக்குமூலம். மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தேன். காற்றழுத்தம் ஏறியது. பெடலை மிதித்து வண்டியை நகர்த்திப் பார்த்தால் ஜம்மென்று நின்றது. வழக்கமான வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தபோது, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம் நீலம் பாய்ந்திருந்தது தெரிந்தது. அடுப்பில் அளவுக்கு மீறிக் காய்ந்த இரும்பின் நிறம். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது லாரிக்காரர்களிடம் பழைய பழக்கம். கியரில் இருந்தால் என்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும்; நியூட்ரலில் மொத்தப் பாரமும் பிரேக் தலையில். மிதிக்க மிதிக்க டிரம் கொதித்து, அதன்மேல் அழுந்தும் லைனிங் பிடிப்பை இழந்துவிடும். ராத்திரி முழுக்க ஆறியபின் அதே பிரேக் சமர்த்தாகப் பிடிக்கும். டிரைவர் சொன்னதும் நிஜம், நான் எழுதியதும் நிஜம். நீல நிறத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கலாம். படிவத்தில் அதற்கு இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நியூட்ரலில் விட்டது அவர் தப்புத்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் டீசல் கணக்குக் கேட்டு பேட்டாவில் பிடிக்கிற முதலாளியின் பெயர் குற்றப்பத்திரிகையில் வரவே இல்லை. நஷ்டஈட்டு வழக்கில் எதிர்மனுதாரராக வந்தார். அங்கேயும் பணம் கட்டியது இன்சூரன்ஸ்.

அஜாக்கிரதையால் உயிர் போனால், அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ. அதிகபட்சம் 2 ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 106 வந்து 5 ஆண்டாகிவிட்டது. தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு என்ற உட்பிரிவுதான் அந்த ஜனவரியில் லாரி டிரைவர்களை ஸ்டிரைக்கில் இறக்கியது. மற்ற பிரிவுகள் அமலானபோது அதை மட்டும் நிறுத்திவைத்தார்கள். ஓடுவதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவே, கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் தவிர என்று விலக்கும் தருகிறது. சட்டம் எழுதியவர்களுக்கும் நம் ஜனங்களைத் தெரிந்திருக்கிறது.

சரி, வழக்குக்கு வருகிறேன். வேகமாக ஓட்டியதாலேயே அஜாக்கிரதை ஆகிவிடாது என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை எடுத்துவைத்து வாதாடினார் டிரைவரின் வக்கீல். கூண்டில் ஏறிய என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “விபத்து நடந்து எத்தனை மணி நேரம் கழித்துப் பார்த்தீர்கள்?” பதினான்கு என்றேன். டிரம்மைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது வராண்டாவில் அந்த டிரைவர் நின்றிருந்தார். கும்பிட்டார்.

“சார், பிரேக் நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களே, நெசமாவா?”

“நான் பார்த்தப்போ நல்லாத்தான்யா இருந்துச்சு.”

“எனக்கு இல்லையே சார்” என்றார்.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் என் ஜீப் டிரைவரிடம் இறக்கத்தில் கியரிலேயே வரச் சொன்னேன். அவர் எப்போதும் அப்படித்தான் வருகிறவர்.