புள்ளிகள் சுற்றி நின்றுபோன திங்கட்கிழமை

நவம்பர் 3, திங்கள்

விடிய ஐந்தரைக்கே எழும்பித் தேத்தண்ணியோடு வந்து கொம்பியூட்டரைப் போட்டேன். மதர்போட் லோகோ வந்தது, போனது, விண்டோஸின் நீலச் சின்னம் வந்தது, அதற்குக் கீழே புள்ளிகள் வட்டமாக இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டன. கேப்ஸ் லொக்கை அமத்திப் பார்த்தேன், கீபோர்டில் லைட் மாறவில்லை. அது மாறாவிட்டால் கொம்பியூட்டர் மெதுவாக வேலை செய்யவில்லை, முழுதாக உறைந்துவிட்டது என்றுதான் கருத்து. பெட்டியின் முன்பக்கம் டிஸ்கின் சிவப்பு லைட் மினுங்காமல் ஒரேயடியாக எரிந்துகொண்டிருந்தது.

பவர் பட்டனை அமத்திப் பிடித்து நிற்பாட்டினேன். இரண்டாம் முறை லோகோவிலேயே நின்றது. மூன்றாம் முறை ஒன்றும் நடக்காததுபோலத் திறந்து பின்னேரம் வரை நன்றாக ஓடியது, நானும் இரண்டு வினாத்தாள் அடித்து முடித்தேன். ராத்திரி பெய்த மழையில் கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது, அதனாலாக்கும் என்று விட்டுவிட்டேன். அந்த நேரமே கோப்புகளை வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும். கடைசியாகப் பிரதி எடுத்தது சித்திரை வருடப்பிறப்பு லீவில்.

நவம்பர் 4, செவ்வாய்

இன்றைக்கு ஆறு முறை போட்டும் திறக்கவில்லை. பெட்டியைத் துவாயில் சுற்றி ஓட்டோவில் டவுனுக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, "விண்டோஸ் 10 போன மாதத்தோட முடிஞ்சுது அக்கா, அதுதான் இறுகுது. ஃபோர்மட் பண்ணி 11 போட்டாச் சரி" என்றார். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்குச் சரியான கவலையாகப் போய்விட்டது. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை நிறுத்தியது உண்மைதான். அதற்காக ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் அடுத்த நாள் நின்றுவிடாது. என்னுடையது இன்டெல் நாலாம் தலைமுறைப் புரொசசர், விண்டோஸ் 11 கேட்கிற பட்டியலில் அது இல்லவே இல்லை. எல்லாவற்றையும் விட, அந்த டிஸ்கில் ஒன்பது வருட வேலை இருக்கிறது. பேஜ்மேக்கரில் பாமினி எழுத்தில் அடித்த வினாத்தாள்கள், கலியாணக் கார்டுகள், அந்தியேட்டி நினைவு மலர்கள். மலருக்காக ஒரு குடும்பம் தந்த படங்களின் ஸ்கேன் என்னிடம் மட்டுந்தான் மிஞ்சியிருக்கிறது. ஃபோர்மட் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லக் கூடாது. ஒரு மெஷின் எதனால் நிற்கிறது என்று தெரியாமல் அதில் இருப்பதை அழிப்பது எனக்குப் பெரிய பிழையாகத்தான் படுகிறது.

திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

பௌர்ணமிப் போயா லீவு, மகன் வீட்டில். டொரொன்டோவில் இருக்கிற தம்பி காலை ஏழரைக்கு வீடியோவில் வந்தான், அவனுக்கு அங்கே முதல் நாள் இரவு ஒன்பது மணி.

"அக்கா, முதல்ல ஒண்டு சொல்லு. லோகோவில நிக்குதா, புள்ளி சுத்துற இடத்திலயா?"

"ரெண்டிலயும் நிக்குது."

"லோகோவிலயும் நிண்டா விண்டோஸில பழி போடாத. விண்டோஸ் அப்ப இன்னும் எழும்பவே இல்ல."

இந்த ஒரு வார்த்தை என் யோசனையையே மாற்றிவிட்டது. லோகோ தெரிகிற நேரம் விண்டோஸுக்கு முன்னமே எழும்புகிற மதர்போட்டின் சொந்த மென்பொருளான பயாஸ்தான் வேலை செய்கிறது, ரேம் இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கிறது. அதில் யாராவது பதில் சொல்லாவிட்டால் அங்கேயே காத்துக்கொண்டு நிற்கும்.

தம்பியின் கட்டளை, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதை எழுதி வைக்க வேண்டும். முதலில் பிரிண்டர், ஸ்கேனர் எல்லாவற்றையும் கழற்றினோம், கீபோர்டும் மவுஸும் மொனிட்டரும் மட்டும் மிச்சம். அதே உறைவு. பிறகு பிளக்கைக் கழற்றி, பெட்டியின் இரும்பைக் கையால் தொட்டுவிட்டு, பக்கத் தகட்டைத் திறந்தேன். மகன் டோர்ச் பிடித்தான். 4 ஜிபி ரேம் இரண்டையும் எடுத்து, பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூசு தட்டி, ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன், மற்றதை மட்டும் போட்டுப் பார்த்தேன். மாற்றமில்லை.

பயாஸுக்குள் போனபோதுதான் திகதி 2014 ஜனவரி 1 என்று காட்டியதைக் கண்டேன். மதர்போட்டில் இருக்கும் சிஆர்2032 பற்றரி, காசு மாதிரி வட்டமானது, 3 வோல்ட் இருக்க வேண்டியது. என் வீட்டுக்காரரின் மீட்டரில் 2.3 தான் காட்டியது. போயாவிலும் திறந்திருந்த ஒரு மணிக்கூட்டுக் கடையில் புதிது வாங்கிப் போட்டதும் முதல் தரத்திலேயே விண்டோஸ் திறந்தது! மகன் கத்தியே விட்டான். நான் உடனே வினாத்தாளைத் திறக்கப் போக, தம்பி விடவில்லை, "முதல்ல கொப்பி பண்ணு அக்கா" என்று நின்றான். வெளி டிஸ்கைக் கொழுவி இரண்டாவது ஃபோல்டர் போய்க்கொண்டிருக்கும்போது மவுஸ் அப்படியே நின்றது, சிவப்பு லைட் மறுபடி ஒரேயடியாக.

பற்றரி செத்திருந்தது உண்மை. ஆனால் நோய் அதில் இல்லை.

நவம்பர் 6, வியாழன்

நாள் முழுக்க மழை. ரியூசன் சேர் இரண்டு தரம் போன் பண்ணினார், சாதாரண தரப் பரீட்சை எடுக்கும் பிள்ளைகளின் மாதிரி வினாத்தாள் அவருக்கு அடுத்த வெள்ளி வேண்டும். தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் லப்டொப்பில் உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி வாங்கினேன். இது விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம், இலவசம், டிஸ்கில் எதையும் பதியாமல் பென் டிரைவில் இருந்தே கொம்பியூட்டரைத் தொடக்கும். ஹார்ட் டிஸ்கின் வயர்களைக் கழற்றி ஒதுக்கிவிட்டுப் போட்டேன். மூன்று நிமிடத்தில் திறந்தது. நிற்பாட்டி மறுபடி போட்டேன், திறந்தது. ஐந்து முறை, ஐந்திலும் திறந்தது. அப்படியென்றால் மதர்போட், ரேம், பவர் சப்ளை மூன்றும் நல்லாயிருக்கின்றன. காசு செலவில்லாமல் இவ்வளவு தெளிவாகப் பதில் தந்த சோதனை வேறொன்றும் இல்லை, இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

டிஸ்கைத் திரும்பக் கொழுவினேன். லோகோவிலேயே நின்றது.

இரவு நித்திரை வரவில்லை. டிஸ்க் செத்துவிட்டால் அந்தப் படங்கள் போய்விடும் என்ற ஒரே நினைப்பு.

நவம்பர் 8, சனி

விடிய வெயில் வந்தது. நாலாவது முயற்சியில் டிஸ்கோடு சேர்த்தே உபுண்டு திறந்துவிட்டது. அதில் டிஸ்க் பார்க்கும் ஒரு கருவி இருக்கிறது, ஸ்மார்ட் என்று ஒரு பட்டியல் காட்டும், டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் கணக்கு அது. தம்பி மூன்று வரிகளைத்தான் கேட்டான். 5 ஆம் இலக்கம், பழுதாகி இடம் மாற்றப்பட்ட பகுதிகள்: 0. 197, வாசிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் பகுதிகள்: 0. 199, வயர் வழியாகப் போய் வருகையில் கெட்டுப்போன தரவு: 1,846.

"டிஸ்க் தப்பிச்சுது அக்கா! வயரைப் பார்!" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டிஸ்குக்கும் மதர்போட்டுக்கும் இடையில் போகிற ஒவ்வொரு துண்டுத் தரவோடும் சரிபார்க்க ஒரு எண்ணும் சேர்ந்தே போகும், மறுமுனையில் அது பொருந்தாவிட்டால் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்கும். இப்படித் திரும்பத் திரும்பக் கேட்டே மெஷின் இறுகியிருக்கிறது. எழுதி வைத்தவை டிஸ்கில் பத்திரமாக இருந்தன, பாதைதான் கெட்டது.

டிஸ்கையும் மதர்போட்டையும் இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். மதர்போட் பக்க முனையில் பற்கள் மங்கி, ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. எங்கள் வீடு உப்புவெளியில், கடல் மூன்று நிமிட நடை, யன்னல் கம்பிக்கு வருடத்துக்கு இரண்டு தரம் பெயின்ட் அடித்தாலும் துரு பிடிக்கும். நான் பெட்டியை வைத்திருந்ததோ அந்த யன்னலுக்குக் கீழே, நிலத்தில். மழை ஈரமான காலையில் மோசம், வெயில் ஏறினால் கொஞ்சம் சுகம் என்று இருந்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

புதுக் கேபிள் 350 ரூபாய். அதைப் போட்டதும் விண்டோஸுக்குப் போகவில்லை, உபுண்டுவில் இருந்தபடியே 62 ஜிபியையும் வெளி டிஸ்குக்கு எடுத்தேன். வாசிக்க மட்டும் விட்டது, எழுத விடவில்லை. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிஸ்கைப் பாதித் தூக்கத்தில் விட்டு வைப்பதால் அப்படி, எனக்கு வாசித்தாலே போதுமே. பாமினி எழுத்துருக் கோப்புகளையும் மறக்காமல் எடுத்தேன், அவை இல்லாவிட்டால் வேறு கொம்பியூட்டரில் திறக்கும்போது தமிழெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

விண்டோஸ் திறந்தது. செக் டிஸ்க் ஓட்டினேன், பவர் பட்டனில் நிற்பாட்டி நிற்பாட்டி வந்த சில பிழைகளைத் திருத்தியது. இதையும் பிரதி எடுத்த பிறகுதான் ஓட்டினேன், அது டிஸ்கில் எழுதுகிற வேலை என்பதால். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிற்பாட்டினேன். பெட்டி இப்போது உள்சுவர்ப் பக்கம், மேசைமேல்.

நவம்பர் 14, வெள்ளி

ஐந்து நாளும் விடிய முதல் தரத்திலேயே திறந்தது, இரண்டு நாள் நல்ல மழை. 199 ஐ இன்றைக்கும் பார்த்தேன். அந்த எண் ஒருநாளும் குறையாது, கூடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1,846 இல் நிற்கிறது. பின்னேரம் சேர் வந்து வினாத்தாளை வாங்கிக்கொண்டு போனார். மலர்ப் படங்களை இரண்டு பென் டிரைவில் போட்டு, ஒன்றை அந்தக் குடும்பத்திடமே நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.