ஒன்றுக்கு நூறு

மட்டக்களப்புப் புகையிரத நிலைய மேடையில் அளவுநாடாவின் ஒரு முனையை நானும் மறுமுனையை என் தங்கையின் மகனும் பிடித்தபடி குந்தியிருந்தோம். கச்சான் விற்கும் அம்மா ஒருவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஸ்டேஷனை இடிக்கப் போகிறார்களா, ஐயா?” என்று கேட்டார். “இல்லை அம்மா, இதே மாதிரி ஒன்றைக் கனடாவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். நூறில் ஒரு பங்கு அளவில்” என்றேன். சற்று யோசித்துவிட்டு, “அப்படியென்றால் என்னையும் வைப்பீர்களா?” என்றார்.

வைத்திருக்கிறேன். ஒன்றரைச் சென்ரிமீற்றர் உயரம், நீலச் சேலை, பக்கத்தில் கூடை. கச்சானுக்காக வறுத்த ரவையில் நாலைந்து மணிகளை எடுத்து ஊசிமுனையால் ஒட்டினேன். என் மாதிரி நிலையம் 1970ஆம் ஆண்டைக் காட்டுவது. அந்த அம்மா அப்போது பிறந்திருக்கவே மாட்டார். வேறு எந்தக் காலப் பிழையையும் நான் அனுமதிப்பதில்லை; அவருக்கு மட்டும் இடம் கொடுத்தேன்.

நான் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பிறந்து வளர்ந்தது செங்கலடி. எங்களுக்குக் கிட்டிய நிலையம் ஏறாவூர். ரயில் என்றோ புகையிரதம் என்றோ வீட்டில் யாரும் சொன்னதில்லை. எங்களுக்கு அது கோச்சி. மாகோவில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்து, கல்லோயாவில் திருகோணமலைக்கு ஒரு கிளையை அனுப்பிவிட்டு, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புனானை, வாழைச்சேனை என்று காடும் வயலும் கடந்து வந்து, 1928இல் திறந்த அந்தப் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீற்றர். மட்டக்களப்புக்குத் தெற்கே தண்டவாளம் இல்லை. கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை ஆட்கள் எல்லோரும் பெட்டி படுக்கையோடு பஸ்ஸில் வந்துதான் கோச்சி ஏறவேண்டும். பாதை முடிகிற ஊரில் இருப்பவனுக்குக் கோச்சியின் மீது தனியான உரிமை உண்டு. வந்த கோச்சி இங்கே நின்றுதான் ஆகவேண்டும். இயந்திரத்தைக் கழற்றி மறுமுனையில் கொண்டுபோய்ப் பூட்டுவார்கள். பார்ப்பதற்கு நேரம் இருக்கும்.

அப்படிப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு நாளில்தான் இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன்: ஒன்ராறியோ. எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பாவைக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் ஆசிரியர் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தின் கீழ் கனடா 1950களில் இலங்கைக்கு வழங்கிய டீசல் இயந்திரங்கள் அவை. எம் 2 வகை. ஒன்ராறியோ, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிற்றோபா என்று கனடிய மாகாணங்களின் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டியிருந்தார்கள். கனடாவின் மாகாணங்களை நான் புவியியல் புத்தகத்தில் படித்ததைவிடத் தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று படித்ததே அதிகம்.

அந்த ஒன்ராறியோவில்தான் இப்போது இருக்கிறேன். மகள் எங்கள் இருவரையும் பொறுப்பேற்று ஸ்காபரோவுக்கு அழைத்துக்கொண்டாள். வந்தது ஒரு ஒக்டோபரில். இலை உதிர்வது வரைக்கும் எல்லாம் நன்றாக இருந்தது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிட்டபோதுதான் என் கைகளுக்கு வேலை இல்லை என்பது உறைத்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் பேனையும் அளவுகோலும் பிடித்த கை. பேரப் பிள்ளைகள் பாடசாலைக்கும் மகளும் மருமகனும் வேலைக்கும் போனபிறகு, மனைவி கறிவேப்பிலைச் சட்டியை வெயில் விழும் ஜன்னலுக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பாள். நான் ஜன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பேச ஆள் இல்லாமல் இல்லை. ஸ்காபரோவில் தமிழ்க் கடையும் உண்டு, கோயிலும் உண்டு. ஆனால் அங்கே எல்லோரும் என்னிடம் கேட்டது “எப்போது வந்தீர்கள்?” என்பதை மட்டும்தான்.

கால் என்னை அஜின்கோர்ட் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. ‘கோ’ என்று அழைக்கப்படும், பச்சையும் வெள்ளையுமான இரண்டு தட்டுப் புறநகர் ரயில்கள் அதன் வழியாக ஓடும். கொஞ்சம் தள்ளி, கொள்கலன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சரக்கு ரயில்கள் முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்கும். பெட்டிகளை எண்ணத் தொடங்கி நூறைத் தாண்டியும் எண்ணியிருக்கிறேன். ஆனால் ஏதோ ஒன்று கண்ணுக்கு ஒட்டவில்லை. இரண்டாம் வாரத்தில்தான் பிடிபட்டது: பாதை ஒடுக்கமாக இருந்தது. நம் நாட்டுத் தண்டவாளங்களின் இடைவெளி ஐந்து அடி ஆறு அங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். இங்கே நாலு அடி எட்டரை அங்குலம், 1435. ஒரு சாண் அகலம் குறைவு.

நூலகத்தில் தேடியபோது என்னை எழுந்து நடக்கவைத்த செய்தி ஒன்று கிடைத்தது. கனடாவின் பழைய ரயில்பாதைகளும் ஐந்து அடி ஆறு அங்குலம்தான்! 1856இல் மொன்றியலையும் ரொறன்ரோவையும் இணைத்த கிராண்ட் டிரங்க் பாதை அந்த அகலத்தில்தான் போடப்பட்டது. அமெரிக்கப் பாதைகளோடு பெட்டிகளை மாற்றி ஓட்டுவதற்காக 1870களில் ஒடுக்கிவிட்டார்கள். இலங்கையில் 1864இல் கொழும்புக்கும் அம்பேபுசவுக்கும் இடையே முதல் ரயில் ஓடியபோது, இங்கேயும் அங்கேயும் ஒரே அகலம். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். “அப்போது வந்திருந்தால் உங்களுக்குக் குறையே இருந்திருக்காது” என்றாள்.

அன்றிரவே முடிவெடுத்துவிட்டேன். மகள் நிலவறையின் ஒரு பக்கத்தை ஒழித்துக் கொடுத்தாள்.

முதல் கேள்வி அளவுவிகிதம். இதில்தான் படவரைஞனாக இருந்தது கைகொடுத்தது. இங்கே கடைகளில் கிடைக்கும் மாதிரி ரயில்களில் பெரும்பாலானவை 87இல் ஒரு பங்கு. அவற்றின் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். அது ஒடுக்கப் பாதைக்கான கணக்கு. 87இல் நம் பாதையைச் செய்தால் 19 மில்லிமீற்றருக்கு மேல் வரும். சக்கரம், அச்சு எல்லாமே புதிதாகச் செய்யவேண்டும். ஆனால் நூறில் ஒரு பங்காக எடுத்தால் 1676 என்பது 16.76 ஆகிறது. கடைத் தண்டவாளத்துக்கும் அதற்கும் கால் மில்லிமீற்றர்தான் வித்தியாசம். கண்ணால் பிடிக்க முடியாது. கடையில் வாங்கிய சக்கரங்கள் அப்படியே ஓடும், அகலப் பாதை அகலப் பாதையாகவே தெரியும். அதைவிடப் பெரிய வசதி வேறொன்று. ஊரில் யார் மீற்றரில் அளந்து சொன்னாலும் எனக்கு அது சென்ரிமீற்றர். கணக்குப் போடவே வேண்டியதில்லை.

அளந்து சொல்ல ஆளும் இருந்தான். தங்கையின் மகன் ஆட்டோ ஓட்டுகிறான். இரவுத் தபால் கோச்சியில் வருகிறவர்களை ஏற்ற விடியற்காலையில் நிலைய வாசலில் நிற்பான். அவனிடம் ஒரு அளவுநாடா வாங்கச் சொன்னேன். “மாமா, தூண் உயரம் வேண்டுமா, தூணுக்குத் தூண் இடைவெளி வேண்டுமா?” என்று தொடங்கியவன், ஆறு மாதத்தில் என்னையே திருத்துகிற நிலைக்கு வந்துவிட்டான். கூரைச் சரிவை நான் நினைவிலிருந்து வரைந்து அனுப்பினேன். தூரத்தில் நின்று படம் எடுத்து, அதன்மேல் கோடு போட்டு, “உங்கள் கூரை மழைத்தண்ணீரை உள்ளே விடும் மாமா” என்று திருப்பி அனுப்பினான். அவன் சரி. நான் மூன்று நாள் செய்த கூரையைப் பிரித்தேன். அதற்கு முன்பு அவனும் நானும் நல்லநாள் பெருநாளுக்குத்தான் பேசுவோம். இப்போது நாள் தவறுவதில்லை.

ஆனால் மேடையின் முழு நீளத்தையும் அவன் அளந்து சொன்னபோது என் சுவர் போதவில்லை. மாதிரி செய்கிறவர்கள் எல்லோரும் நீளத்தைச் சுருக்குவார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பாத காரியம். அளவைச் சுருக்கி வரைந்தால் திணைக்களத்தில் அந்த வரைபடம் கிழிந்திருக்கும். இரண்டு வாரம் யோசித்து, அகலத்தையும் உயரத்தையும் தொடாமல் மேடையின் நீளத்தில் மட்டும் கால்வாசியைக் குறைத்தேன். இன்றைக்கும் அந்த முனையைப் பார்க்கும்போது மனம் குறுகுறுக்கிறது.

முதல் ஜனவரியில் பேரிடி. ஒரு காலை நிலவறைக்கு இறங்கினால் தண்டவாளம் இரண்டு இடங்களில் பாம்புபோல நெளிந்து கிடந்தது. வெயில் காலத்தில் ஊரில் தண்டவாளம் நெளிவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிரில் எப்படி நெளியும்? பக்கத்தில் உள்ள மாதிரி ரயில் சங்கத்துக்குப் போய்க் கேட்டேன். ரயில்வேயில் சமிக்ஞைப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு கனடியர் வீட்டுக்கே வந்து பார்த்தார். நீண்டது தண்டவாளமல்ல, குறுகியது பலகை. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் காற்று மரத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. சட்டம் சுருங்கும்போது சுருங்காத தண்டவாளத்துக்குப் போக இடமில்லாமல் வளைகிறது. மெல்லிய வாளால் பல இடங்களில் தண்டவாளத்தை அறுத்து இடைவெளி விட்டோம். சட்டங்கள் முழுவதற்கும் வர்ணம் பூசி மூடினேன். செப்புத் தகடு ஒட்டிய சிலிப்பர்களில், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளில், தண்டவாளத்தை எப்படி ஈயம் பற்றவைப்பது என்பதையும் அவர்தான் கற்றுத் தந்தார். முன்பு எனக்கு ஈயம் உருண்டையாக நின்றுவிடும். “ஈயத்தைச் சூடாக்காதே, தண்டவாளத்தைச் சூடாக்கு” என்றார். அவருக்கு மனைவி அவித்துக் கொடுத்த பிட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் நண்பர் அவர்.

எம் 2 இயந்திரத்தை நூறில் ஒரு பங்கில் விற்பவர் யாரும் இல்லை. உடலைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டினேன். ஒவ்வொரு போகியிலும், அதாவது அடியிலுள்ள சக்கரத் தொகுதியிலும், மூன்று அச்சுகள். நடு அச்சுக்கு மோட்டார் கிடையாது, பாரத்தைத் தாங்குவதற்கு மட்டும். இதை நண்பரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: “இது எங்கே செய்தது என்று தெரியுமா? இங்கிருந்து இரண்டு மணி நேரம்.” ஒன்ராறியோவிலேயே லண்டன் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கேதான் ஜெனரல் மோட்டார்ஸ் டீசல் தொழிற்சாலை இருந்தது. நான் சிறுவனாக அண்ணாந்து பார்த்த இயந்திரங்கள் அங்கே செய்து கப்பலேற்றப்பட்டவை. மருமகன் ஒரு சனிக்கிழமை காரில் கூட்டிக்கொண்டு போனார். தொழிற்சாலை 2012இல் மூடப்பட்டுவிட்டது. வேலிக்கு வெளியே நின்று நீண்ட கட்டடத்தைப் பார்த்தேன். இங்கே மூடியபிறகும் அந்த இயந்திரங்களில் சில அங்கே இன்னும் வேலை செய்தன என்று மருமகனிடம் சொன்னேன். அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு அதிக நேரம் பேசாமல் நின்றார்.

ஊருக்குப் போனது அதற்குப் பிறகுதான். நிலைய அதிபரிடம் படங்களைக் காட்டி அனுமதி கேட்டேன். கோச்சி இல்லாத நேரத்தில் அளக்கலாம் என்றார். 1970ஐ நிலையத்தில் காண முடியாது, ஆட்களிடம்தான் கேட்கவேண்டும். ஏறாவூரில் தண்டவாளப் பராமரிப்பில் வேலை செய்து ஓய்வுபெற்ற முஸ்லிம் பெரியவர், காக்கா ஒருவர் இருக்கிறார் என்று தங்கையின் மகன் கூட்டிக்கொண்டு போனான். எண்பதைத் தாண்டியவர். “மரச் சிலிப்பரில் கோச்சி போகும் சத்தம் வேறு தம்பி, கொங்கிறீட்டில் வேறு” என்று, வாங்கின் பலகையில் கையால் தட்டி இரண்டையும் காட்டினார். போர்க்காலத்தில் கோச்சி வராமல் போன ஆண்டுகளைப் பற்றியும் சொன்னார். புல் மூடிய பாதையில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்ததாம். அவர் பழக்கத்தில் காலையில் எழுந்து அந்தப் பாதையில் ஒரு கட்டை நடந்துவிட்டு வருவாராம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

தென்னைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளைத் தலையில்லாமல் ஆக்கிப் போட்டது. அதற்கு முன்பிருந்த தோப்பு என் கண்ணில் இருக்கிறது. நான் 1970ஐத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். கம்பியில் நூல் சுற்றித் தண்டு. ஓலைக்குப் பழுப்புக் காகிதத்தை மடித்துக் கத்தரியால் கீறி, பச்சை பூசுகிறேன். ஒரு மரத்துக்கு ஒரு மாலை. இதுவரை அறுபத்திரண்டு முடிந்திருக்கின்றன. இளைய பேத்தி ஓலை கீறுவதில் என்னைவிடக் கெட்டிக்காரி.

குளிர்காலத்தில் ஊருக்கும் இங்கேக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். ஊரில் விடியற்காலை ஐந்து என்றால் இங்கே முதல்நாள் மாலை ஆறரை. இரவுத் தபால் கோச்சி மட்டக்களப்பை நெருங்குகிற நேரத்தில் நாங்கள் சாப்பிட்டு முடித்திருப்போம். நேற்றும் தங்கையின் மகன் அழைத்தான். பின்னால் இருட்டு; மேடை விளக்கு, காகச் சத்தம், யாரோ தேநீர் ஆற்றும் சத்தம்.

“ஏறாவூரை விட்டுவிட்டதாம், மாமா.”

பேத்தி கைகாட்டியை இறக்கினாள். நான் மின்சாரத்தைத் தொடவில்லை. தொலைபேசியைப் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு, அங்கே ஊதுகிற சத்தம் கேட்கட்டும் என்று இருவரும் காத்திருந்தோம்.