ரூட் காணோம்: சர்வர் மாத்தற வாரத்து நாட்குறிப்பு

மார்ச் 11, 2025, செவ்வாய்

விஎம்வேர்ல ஓடிட்டிருந்த விர்ச்சுவல் மெஷினையெல்லாம் ப்ராக்ஸ்மாக்ஸுக்கு (ரெண்டும் ஒரே சர்வர்ல பல விர்ச்சுவல் மெஷினை ஓட்டற சாஃப்ட்வேர்) மாத்தற வேலை ஆரம்பிச்சாச்சு. லைசன்ஸ் தேதி முடியறதுக்குள்ள எல்லாம் இந்தப் பக்கம் வந்துடணும். முதல்ல தூக்கினது ஆபீஸுக்குள்ள மட்டும் யூஸ் பண்ற டிக்கெட் சிஸ்டம், ராக்கி லினக்ஸ் 9. டிஸ்க் இமேஜ் கன்வெர்ட் ஆகி வந்துச்சு, கிரப் (பூட் பண்ணி விடற ப்ரோக்ராம்) மெனு வந்துச்சு, கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) லோட் ஆச்சு, அப்புறம் "ட்ராகட் இனிட்க்யூ டைம்அவுட்"னு ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடிட்டே இருந்துச்சு. டீ வாங்கிட்டு வந்து பார்த்தா டெவ் மேப்பர் ஆர்எல்-ரூட், அதாவது ஓஎஸ் இருக்கற ரூட் ஃபைல்சிஸ்டம், இல்லவே இல்லைன்னு ஒரு வார்னிங், கீழ எமர்ஜென்சி ஷெல் (கமாண்ட் அடிக்கற அவசரத் திரை).

மேனேஜர் சார் பின்னாடி நின்னு பார்த்துட்டு "டிஸ்க் கரப்ட் ஆயிடுச்சாப்பா, மறுபடியும் காப்பி போடலாமா"ன்னார். இந்த எரர் வந்தாலே எல்லாருக்கும் முதல்ல இதுதான் தோணும். சார், கிரப் மெனு எங்கிருந்து வந்துச்சு, அதே டிஸ்க்ல இருந்துதானே, கர்னல் ஃபைலும் அதுல இருந்துதானே லோட் ஆச்சுன்னு கேட்டேன். கிரப் டிஸ்க்கைப் படிக்கறது பயாஸை வச்சு, அதுக்கு லினக்ஸ் டிரைவர் ஒண்ணும் தேவையில்ல. கர்னல் எழுந்ததும் பயாஸை ஓரங்கட்டிட்டு தன்னோட சொந்த டிரைவரால படிக்கப் பார்க்கும், பிரச்சனை வர்ற இடம் அதுதான். மெனு வரைக்கும் வந்துட்டு ரூட் காணோம்னு சொன்னா பெரும்பாலும் டிஸ்க் நல்லாதான் இருக்கும், எஃப்எஸ்சிகே (டிஸ்க் ரிப்பேர் கமாண்ட்) அது இதுன்னு கைவைக்காம இருந்தா போதும்.

ஷெல்லுக்குள்ள போய் முதல்ல ப்ராக்ல இருக்கற சிஎம்டிலைன் ஃபைலைப் பார்த்தேன், கர்னல் எதைத் தேடுதுன்னு அது சொல்லிடும். எல்விஎம் (டிஸ்க்குகளைக் குரூப்பா சேர்த்துப் பிரிச்சுக் குடுக்கற லினக்ஸ் அடுக்கு) பேர் கரெக்டா இருந்துச்சு. அடுத்து ப்ராக் பார்டிஷன்ஸ். தலைப்பு வரி மட்டும் வந்துச்சு, கீழ ஒண்ணுமே இல்ல. இதைப் பார்த்ததும் பாதி வேலை முடிஞ்ச மாதிரிதான், ஏன்னா டிஸ்க் தெரிஞ்சு எல்விஎம் மட்டும் தெரியலைன்னா அது ஒரு விசாரணை, டிஸ்க்கே தெரியலைன்னா அது வேற விசாரணை, இங்க எல்விஎம்மை நோண்டறதுல அர்த்தமே கிடையாது.

எல்எஸ்பிசிஐ கமாண்ட் அந்தக் குட்டி ஷெல்ல இல்ல, அதனால சிஸ் டைரக்டரிக்குள்ள பிசிஐ டிவைஸ் ஒவ்வொண்ணோட வெண்டர் நம்பரையும் பார்த்தேன். 1ஏஎஃப்4 வரிசையா வந்துச்சு, அது விர்ட்ஐஓவோட (ப்ராக்ஸ்மாக்ஸ் குடுக்கற விர்ச்சுவல் ஹார்டுவேர்) நம்பர். ஆக கன்ட்ரோலர் கண்ணு முன்னாடிதான் இருக்கு, ஓட்டறதுக்கு ஆள் இல்ல. மாட்ப்ரோப் போட்டு விர்ட்ஐஓ ஸ்கஸியைக் கூப்பிட்டேன், அப்படி ஒரு மாட்யூலே (டிரைவர் ஃபைலே) இல்லைன்னு பதில்.

காரணம் ட்ராகட், இனிட்ராம்எஃப்எஸ் (ரூட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி கர்னல் மெமரில ஏத்திக்கற குட்டி இமேஜ்) கட்டற ப்ரோக்ராம். ராக்கி குடும்பத்து டிஸ்ட்ரோல அதைக் கட்டும்போது அந்த நிமிஷம் அந்த மெஷினுக்கு எது வேணுமோ அந்த டிரைவரை மட்டும்தான் உள்ள வைக்கும், ஹோஸ்ட்ஒன்லின்னு பேர். பழைய இடத்துல இருந்தது விஎம்வேரோட பிவிஸ்கஸி கன்ட்ரோலர், அதனால அந்த டிரைவர் மட்டும் இருக்கு. விர்ட்ஐஓ டிரைவர் டிஸ்க்ல லிப் மாட்யூல்ஸ்ல பத்திரமா இருக்கு, ஆனா அதை எடுக்கணும்னா டிஸ்க்கைத் திறக்கணும், டிஸ்க்கைத் திறக்கணும்னா அது வேணும். வீட்டுச் சாவியை உள்ள வச்சு கதவைச் சாத்தின கதை.

மார்ச் 12, புதன்

காலைல மெனுவுல கடைசியா இருக்கற ரெஸ்க்யூ வரியைத் தேர்ந்தெடுத்தேன். இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல, அந்த ரெஸ்க்யூ இமேஜ் மட்டும் ஹோஸ்ட்ஒன்லி இல்லாம எல்லா டிரைவரோடயும் கட்டினது, ஓஎஸ் போட்ட அன்னிக்கே உருவாகிடும். லைவ் சிடில பூட் பண்ணி சிரூட் போட்டு டிஸ்க்ல இருக்கற ஓஎஸ்க்குள்ள நுழையறதுன்னு போறதுக்கு முன்னாடி இதை ஒரு தட்டு தட்டிப் பார்க்கறது நல்லது. ரூட் மவுன்ட் ஆயிடுச்சு. சந்தோஷப்படறதுக்குள்ள டேட்டா டிஸ்க்குக்காக 90 செகண்ட் கவுன்ட் ஓடி, அதுவும் காணோம்னு மறுபடி எமர்ஜென்சி மோடு. ஆனா இது வேற எமர்ஜென்சி, இப்ப நிஜ ரூட்டுக்குள்ள இருக்கோம், எல்லா கமாண்டும் கைல இருக்கு.

டேட்டா டிஸ்க் இந்தத் தடவை பார்டிஷன்ஸ் ஃபைல்ல தெரியுது, பிஎல்கேஐடி போட்டாலும் எல்விஎம் மெம்பர்னு சொல்லுது, ஆனா விஜிஎஸ் (எல்விஎம் குரூப்பைக் காட்டற கமாண்ட்) போட்டா அந்தக் குரூப் மட்டும் வரல. நேத்து சொன்ன அந்த இன்னொரு விசாரணை இதுதான். ராக்கி 9ல எல்விஎம் எந்தெந்த டிஸ்க்கைப் பார்க்கணும்னு ஒரு லிஸ்ட் வச்சிருக்கு, ஈடிசி எல்விஎம் டிவைசஸ்க்குள்ள சிஸ்டம் டாட் டிவைசஸ்னு ஃபைல், அதுல பழைய விர்ச்சுவல் டிஸ்க்கோட ஐடி எழுதியிருக்கு. மெஷின் மாறினதும் ஐடி மாறிடுச்சு, லிஸ்ட்ல இல்லாத டிஸ்க்கை அது திரும்பிக்கூடப் பார்க்காது. எல்விஎம்டிவைசஸ் கமாண்ட்ல ஆட்டெவ் குடுத்து புது டிஸ்க்குகளைச் சேர்த்தேன், குரூப் உடனே வந்துச்சு.

இப்ப இனிட்ராம்எஃப்எஸ். இங்க ஒரு குழி இருக்கு. சும்மா ட்ராகட் ஃபோர்ஸ்னு அடிச்சா அது இப்ப ஓடற கர்னலுக்கு, அதாவது ரெஸ்க்யூ கர்னலுக்குக் கட்டப் பார்க்கும், நமக்கு வேண்டியது நார்மலா பூட் ஆகற கர்னலுக்கு. லிப் மாட்யூல்ஸ்ல இருக்கற வெர்ஷன் பேரைப் பார்த்து இமேஜ் பேர், கர்னல் வெர்ஷன் ரெண்டையும் கையால குடுக்கணும். நெட்வொர்க்கும் கிடையாது, ஏன்னா ரெஸ்க்யூ கர்னலோட மாட்யூல் ஃபோல்டர் எப்பவோ அப்டேட்ல காலி ஆயிடுச்சு (அப்டேட் பண்ற டிஎன்எஃப் வழக்கமா 3 கர்னல்தான் வச்சுக்கும்), நெட்வொர்க் டிரைவர் எடுக்க ஆளில்ல. அதனால கன்சோல்ல அந்த நீள வெர்ஷன் நம்பரையெல்லாம் ஒவ்வொரு எழுத்தா டைப் பண்ணிட்டு உட்கார்ந்திருந்தேன், பேஸ்ட்டும் வேலை செய்யல, கழுத்து வலி.

கான்ஃபிக் ஃபோல்டர்ல ஒரு குட்டி ஃபைல் போட்டு விர்ட்ஐஓ ஸ்கஸி, விர்ட்ஐஓ பிளாக் ரெண்டையும் ஆட் டிரைவர்ஸ்ல சேர்த்தேன், அடுத்த கர்னல் அப்டேட்லயும் தானா வந்துடும். அந்தக் கோட்டேஷனுக்குள்ள முன்னாடியும் பின்னாடியும் ஒரு ஸ்பேஸ் விடணும், இல்லைன்னா மத்த ஃபைல்ல இருக்கற பேரோட ஒட்டிக்கும். ரீபூட்டுக்கு முன்னாடி எல்எஸ்இனிட்ஆர்டி போட்டு உள்ள விர்ட்ஐஓ இருக்கான்னு கண்ணால பார்த்துக்கிட்டேன். நார்மல் வரியிலயே பூட் ஆச்சு. நெட்வொர்க் கார்டு பேர் ஈஎன்எஸ்192ல இருந்து ஈஎன்எஸ்18 ஆயிடுச்சு, கனெக்ஷன் ப்ரொஃபைல்ல பேரை மாத்தினதும் ஐபி வந்துச்சு.

மார்ச் 13, வியாழன்

ரெண்டாவது ராக்கி. பூட் பார்டிஷன்ல இடம் பத்தலைன்னு யாரோ புண்ணியவான் ரெஸ்க்யூ இமேஜை அழிச்சிருக்காங்க. ஜூனியர் தம்பி லைவ் ஐஎஸ்ஓ டவுன்லோட் போட ஆரம்பிச்சுட்டான். இருப்பா, அதுக்கு முன்னாடி ஒண்ணு பார்க்கலாம்னு ப்ராக்ஸ்மாக்ஸ் ஹார்டுவேர் பக்கத்துல ஸ்கஸி கன்ட்ரோலர் லிஸ்ட்டைத் திறந்து காட்டினேன். அதுல விஎம்வேர் பிவிஸ்கஸின்னே ஒரு ஆப்ஷன் இருக்கு, க்யூஎம்யூ (ப்ராக்ஸ்மாக்ஸுக்குள்ள மெஷினை ஓட்டறது) அந்தக் கன்ட்ரோலரையும் எமுலேட் பண்ணும். "அட, அப்ப அதுக்குப் பழைய வீட்லயே இருக்கற மாதிரி காட்டிடலாமாண்ணா"ன்னான். அதேதான். மாத்திட்டு ஸ்டார்ட் குடுத்தா ரூட்டைத் தேடாமலே நேரா ஏறிடுச்சு. இது பழைய ராக்கி 8, அதனால அந்த டிவைசஸ் லிஸ்ட் தொல்லையும் இல்ல.

உள்ள போய் அதே கான்ஃபிக் ஃபைல், ட்ராகட்ல ரீஜெனரேட் ஆல், ஷட்டவுன், கன்ட்ரோலரைத் திரும்ப விர்ட்ஐஓவுக்கு மாத்தி ஸ்டார்ட். லைவ் ஐஎஸ்ஓ இன்னும் பாதி கூட இறங்கல.

மார்ச் 15, சனி

டெபியன் (இன்னொரு லினக்ஸ் வகை) மெஷின்கள். டெபியன்ல இனிட்ராம்எஃப்எஸ் வழக்கமா மோஸ்ட்னு செட்டிங்ல கட்டும், விர்ட்ஐஓ உட்பட முக்கால்வாசி டிரைவர் உள்ளயே இருக்கும், இமேஜ் பெருசா இருக்குன்னு சிலர் குறை சொல்லுவாங்க ஆனா இந்த மாதிரி நேரத்துல அதோட அருமை தெரியும். ஒண்ணு தவிர எல்லாம் தானா எழுந்துச்சு.

அந்த ஒண்ணு, ரூட்டுக்குக் காத்திருந்து சலிச்சுப் போச்சுன்னு சொல்லிட்டு, டெவ் எஸ்டிஏ1 இல்லைன்னு அலர்ட் போட்டு பிஸிபாக்ஸ் ஷெல்ல விட்டுச்சு. இந்த பிஸிபாக்ஸ் 1995ல டெபியன் இன்ஸ்டால் ஃப்ளாப்பிக்குள்ள எல்லா கமாண்டும் அடங்கணுமேன்னு ப்ரூஸ் பெரன்ஸ் எழுத ஆரம்பிச்சது, இன்னிக்கும் டெபியன் காலை உடைச்சுக்கும்போது கைத்தடியா அதுதான் வருது. டெபியன் அந்த மெசேஜ்லயே ரூட் டிலே (ரூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கணும்ங்கற செட்டிங்) போதுமான்னு பாரு, மாட்யூல் இருக்கான்னு பாருன்னு குறிப்பும் குடுத்துடும். யூஎஸ்பி டிஸ்க், மெதுவா எழற ரெய்டு கார்டுக்கெல்லாம் அந்த ரூட் டிலே உதவும், இங்க எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒண்ணும் வராது, ஏன்னா பார்டிஷன்ஸ் ஃபைல்ல டிஸ்க் அழகா விடிஏன்னு நிக்குது. தம்பி இதை விர்ட்ஐஓ பிளாக்ல மாட்டியிருக்கான், பேர் எஸ்டிஏ இல்ல. யாரோ யூயூஐடி (ஃபைல்சிஸ்டத்தோட அடையாள எண்) வேண்டாம்னு பழைய ஸ்டைல்ல டிஸ்க் பேரைக் கையால எழுதி வச்சிருக்காங்க.

கிரப்ல ஈ அழுத்தி எஸ்டிஏ1ஐ விடிஏ1 ஆக்கி கன்ட்ரோல் எக்ஸ். ஏறினதும் எஃப்எஸ்டேப்ல (எதை எங்க மவுன்ட் பண்ணணும்ங்கற ஃபைல்) யூயூஐடி போட்டு, கிரப் டிஃபால்ட்ல யூயூஐடியை அணைச்சு வச்சிருந்த வரியை எடுத்துட்டு அப்டேட்கிரப். தம்பி, அப்ப இனிட்ராம்எஃப்எஸ்ஸே இல்லாம யூயூஐடி குடுத்தா போதாதான்னு கேட்டான். போதாது. ஃபைல்சிஸ்டம் யூயூஐடியைப் பார்த்துக் கண்டுபிடிக்கறது இனிட்ராம்எஃப்எஸ்க்குள்ள இருக்கற ப்ரோக்ராம்தான், தனியா விட்டா கர்னலுக்குப் புரியறது பார்ட்யூயூஐடி மாதிரி பார்டிஷன் டேபிள்ல இருக்கறது மட்டும்தான். இனிட்ராம்எஃப்எஸ் இல்லாம யூயூஐடி குடுத்தா அன்நோன் பிளாக் 0,0ன்னு பேனிக் ஆகி நின்னுடும், ஷெல்லும் கிடைக்காது.

மார்ச் 17, திங்கள்

மிச்சம் இருக்கற ராக்கியெல்லாம் இப்ப பழைய இடத்துல ஓடிட்டிருக்கும்போதே கான்ஃபிக் ஃபைலைப் போட்டு இமேஜைத் திரும்பக் கட்டி, எல்எஸ்இனிட்ஆர்டில செக் பண்ணிட்டுத்தான் நகர்த்தறோம். 9ல மட்டும் எல்விஎம் லிஸ்ட் ஃபைலையும் பேர் மாத்தி ஓரமா வச்சுடறோம், ஃபைல் இல்லைன்னா அது பழைய மாதிரி எல்லா டிஸ்க்கையும் பார்க்கும். வந்த பக்கத்துல விஜிஇம்போர்ட்டிவைசஸ் ஓட்டினா லிஸ்ட் புதுசா உருவாகிடும்.

ஒரு மெஷின் மட்டும் மாட்டிக்கிச்சு. ஒரு வெண்டர் குடுத்துட்டுப் போன அப்ளையன்ஸ், ரூட் யூசரோட (அட்மின்) பாஸ்வேர்ட் இங்க யாருக்கும் தெரியாது, கிரப்புக்கும் பாஸ்வேர்ட் போட்டிருக்காங்க, சப்போர்ட் கான்ட்ராக்ட்டும் முடிஞ்சுது. உள்ள போகாம இனிட்ராம்எஃப்எஸ் கட்ட முடியாது. சார்கிட்ட சொன்னேன், அதுக்கு மட்டும் பிவிஸ்கஸியே இருக்கட்டும், விர்ட்ஐஓ அளவுக்கு வேகம் வராது, ஆனா அதுல வேகம் யாருக்கு வேணும்னு. சரின்னுட்டார். நோட்ஸ் கட்டத்துல "கன்ட்ரோலரை மாத்தாதீங்க, பூட் ஆகாது"ன்னு எழுதி வச்சாச்சு.