குல்மார்க்கில் கயிற்றைத் தாண்டும் முன்

காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்குக்குப் போகிறவர்களை, கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் அபர்வாட் மலையில் சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. கோண்டோலாவுக்குக் கீழே உள்ள பெரிய சரிவில்தான் ரோந்துக் குழு வெடிவைத்துப் பனியை இறக்குகிறது. அந்தப் பகுதியின் எல்லைக் கயிற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாலே அந்தக் காவல் முடிந்துவிடும். பார்வைக்கு இரண்டு பக்கமும் ஒரே வெள்ளைதான். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் இந்த மலையில் பனிச்சரிவில் இறந்தார்கள்.

பனியைப் பற்றி நாம் சொல்வதில் பாதி ஊகம். சரிவின் கோணம் மட்டும் ஊகமில்லை, அளந்துவிடலாம். பனி பலகை போல ஒரே துண்டாகப் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் நடக்கின்றன. 38-ஐ ஒட்டிய கோணம் மிக மோசம். சறுக்குக் கோலைச் சரிவில் படுக்க வைத்து, அதன்மேல் ஃபோனை வைத்தால் கோணம் தெரியும். சரிவில் கால் வைக்காமலும் கணக்கிடலாம்: சம உயரக் கோடு ஒவ்வொன்றுக்கும் 40 மீட்டர் உயரம் கூடும் 1:50,000 வரைபடத்தில் கோடுகளின் இடைவெளி 1.4 மி.மீ.க்குக் குறைந்தால் 30 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள். ஆனால் நீங்கள் நிற்கும் இடம் 20 டிகிரியாக இருந்து, தலைக்கு மேலே 38 டிகிரி தொங்கினால் அந்த 20-க்கு மதிப்பில்லை. கீழே மிதித்தே மேலே உள்ளதை அறுத்துவிட முடியும்.

காஷ்மீரில் நவம்பர், டிசம்பர் பனி பல வருடங்களில் மெல்லியதாக நின்றுவிடும். தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்க, மேலே இரவுக் குளிர் மைனஸ் 10-க்கும் கீழே போகும். 10 செ.மீ. பனிக்கு 1 டிகிரிக்கு மேல் வெப்பநிலை வேறுபாடு இருந்தால், நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து அடிப்பனியை ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாற்றிவிடும். அள்ளினால் சர்க்கரை போல விரலிடுக்கில் வழியும், உருண்டை பிடிக்க வராது. பிறகு மேற்கத்திய இடையூறு (மேற்கிலிருந்து வரும் குளிர்காலப் புயல்) வந்து அதன்மேல் புதுப்பனியைக் கொட்டும். தென்மேற்குக் காற்று முகட்டுக்கு அப்பாலிருந்து பனியை வாரி, வடகிழக்கு, கிழக்குச் சரிவுகளில் இன்னும் தடிமனாக அடுக்கும். சறுக்கு நன்றாக இருப்பதும் அதே சரிவுகளில்தான்.

இந்தச் சர்க்கரை அடுக்கு வாரக்கணக்கில் ஆறாது. அதனால், "நேற்று நாலு பேர் இறங்கினார்களே" என்பதை நாங்கள் சான்றாகவே எடுப்பதில்லை. பனி ஆழமான இடத்தில் அவர்களுடைய எடை அந்த அடுக்கை எட்டியிருக்காது. பாறை ஓரத்தில், பனி மெலிந்த இடத்தில் ஐந்தாமவர் மிதிக்கும்போது எட்டும். விரிசல் பக்கவாட்டில் ஓடி, முழுச் சரிவும் ஒரே துண்டாகப் பெயரும்.

காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கும் சத்தம், சறுக்குப் பலகையின் முனையிலிருந்து ஓடும் விரிசல், பக்கத்துச் சரிவில் புதிதாகப் பெயர்ந்த தடம்: இவற்றில் ஒன்று போதும், 30 டிகிரிக்குக் கீழேயே நின்றுவிடுங்கள். குழி வெட்டிப் பார்ப்பதானால், சரிவுக்குக் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. அளவில் ஒரு தூணைப் பிரித்தெடுங்கள். ஓர் ஓரத்தில் மண்வாரித் தட்டை வைத்து மணிக்கட்டால் 10, முழங்கையால் 10, தோளால் 10 தட்டு. விரிசல் மறு ஓரம்வரை ஓடினால் அந்த மாதிரிச் சரிவுகளை அன்றைக்கு விட்டுவிட வேண்டும். ஓடாவிட்டால் அனுமதி என்று அர்த்தமில்லை. ஒரு குழி அந்த ஒரு இடத்தைத்தான் சொல்லும்.

இறங்கும்போது ஒருவர் பின் ஒருவராக. மற்றவர்கள் பனி ஓடும் பாதைக்கு வெளியே நின்று அவரையே பார்க்க வேண்டும்.

புதைந்தவரை 10, 15 நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் தாண்டினால் மூன்றில் ஒருவர் மிஞ்சினாலே அதிகம். அதற்குள் கீழேயிருந்து உதவி வராது. கூட வந்தவர்கள்தான் மீட்புப் படை. ஆளுக்கொரு 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸீவர் (சிக்னல் அனுப்பவும் தேடவும் உதவும் கருவி), 240 செ.மீ.க்குக் குறையாத ப்ரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் மெல்லிய கோல்), உலோக மண்வாரி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவர் கயிற்றைத் தாண்டக் கூடாது. சிக்னல் அனுப்பும்போது ஃபோன் 20 செ.மீ. தள்ளி இருக்கட்டும், தேடும்போது 50 செ.மீ. இல்லையென்றால் டிரான்ஸீவர் தப்பான திசையைக் காட்டும்.

விபத்து நடந்தால், மீதிப் பேர் எல்லோரும் உடனே தங்கள் டிரான்ஸீவரைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மறந்தாலும் அவருடைய சிக்னலையே துரத்திக்கொண்டிருப்பீர்கள். திரையில் தூரத்தைக் காட்டும் எண் 3-க்கு வந்ததும் கருவியைப் பனியை ஒட்டித் தாழ்த்தி, திருப்பாமல் மெதுவாக நகர்த்துங்கள். மிகக் குறைந்த எண் கிடைத்த இடத்திலிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுருளாக, பனிப்பரப்புக்குச் செங்குத்தாக ப்ரோப்பைக் குத்த வேண்டும். தட்டுப்பட்டதும் அதை உருவாதீர்கள். நேர் மேலிருந்து தோண்டினால் அவருடைய மூச்சுக்கு இருக்கும் இடத்தையும் மிதித்து அடைத்துவிடுவீர்கள். புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளி நின்று, ப்ரோப்பை நோக்கி உள்ளே வெட்டிக்கொண்டு போங்கள். முகம் தெரிந்ததும் முதலில் வாயிலுள்ள பனியை எடுத்து, நெஞ்சை அழுத்தும் பனியை விலக்குங்கள். மூச்சு இல்லாவிட்டால், உடல் முழுவதும் வெளியே வரும்வரை காத்திராமல் அங்கேயே வாயோடு வாய் வைத்து ஊதத் தொடங்குங்கள்.