இரண்டு தயிர்ச் சட்டிகள்

நுவரெலியாப் பக்கம் போய்த் திரும்பி மூன்று நாளாகிறது, கோபம் இன்னும் ஆறவில்லை. வான் வண்டியிலேயே சமைத்து, பக்கத்தில் கூடாரம் அடித்துத் தங்கலாம் என்று கிளம்புகிறவர்கள், 12 வோல்ட் சொக்கெட்டில் செருகுகிற மலிவான கூலர் பெட்டிக்குப் பணம் கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள். நான் 26,000 ரூபாய் கொடுத்தேன். "பயணத்துக்கு இதுவே போதும், ஃபிரிட்ஜ் எதற்கு?" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார்.

அம்மாவும் எங்களோடு வந்தார். அவருக்குத் தினமும் இன்சுலின். திறக்காத குப்பிகளை 2 முதல் 8 பாகைக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதால்தான் பெட்டியே வாங்கினேன்.

கண்டியிலிருந்து றம்பொடை வழியாக ஏறினோம். மழை, லொறிகள், மூடுபனி, வேறொன்றுமில்லை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அதுவும் ஜனவரி மாதம். தெரிந்தவர் ஒருவரின் மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் வானை நிறுத்திக் கூடாரத்தில் படுத்தோம். பெட்டி வானுக்குள் இரவு முழுவதும் ஓடியது.

காலையில் சாவியைத் திருப்பினால் டக், டக் என்ற சத்தம் மட்டுமே. பெட்டி இழுப்பது 4 ஆம்பியர். பத்து மணி நேரத்துக்கு 40 ஆம்பியர் மணி. வானின் பட்டரியே 60தான். கேபிள் கொண்டுவந்த மெக்கானிக் இரண்டு நிமிடம் வேலை செய்துவிட்டு "ஐயாயிரம் கொடுங்கள் ஐயா" என்றார். குளிரில் நின்றுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்துத்தான் அந்த விலையைச் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். பேரம் பேசி நாலாயிரம் கொடுத்தேன். அன்றைய சாப்பாட்டுப் பணம் அதிலேயே போய்விட்டது.

அதைவிடப் பெரிய அடி பெட்டிக்குள் இருந்தது. தக்காளி கண்ணாடி போல ஆகியிருந்தது. இன்சுலின் குப்பியை எடுத்துச் சாய்த்தேன். பால் நிறத்து மருந்து அசையவில்லை. இன்னொரு முறை சாய்த்தேன், அப்படியே நின்றது. உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, வீசத்தான் வேண்டும். இரண்டு குப்பியும் போயின.

இந்தப் பெட்டியில் கம்ப்ரசர் இல்லை, வாயுவும் இல்லை. பெல்டியே என்ற பிரெஞ்சுக்காரர் 1834இல் கண்ட விளைவுதான் அடிப்படை: இரு வகைப் பொருள்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். வெளியே உள்ள வெப்பத்தைவிடச் சுமார் 18, 20 பாகை கீழே இறக்கும், அவ்வளவுதான். என்னுடைய பெட்டிக்கு இத்தனை பாகையில் நில் என்று சொல்ல வழியே கிடையாது. வெளியே 7 பாகை என்றால் உள்ளே உறைபனி. வெளியே 40 என்றால்? அதற்கும் விடை கிடைத்தது.

நுவரெலியாவில் புதிய குப்பிகள் வாங்கி, வாயகன்ற பிளாஸ்கில் வைத்துக்கொண்டு வெலிமடை வழியாகப் பண்டாரவளைக்கு இறங்கினோம். பதுளையிலிருந்து மச்சான் தன் ஜீப்பில் வந்து சேர்ந்தார். அவரிடம் இருப்பது 40 லீற்றர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ். விலை ஒரு லட்சத்துக்கு மேல். "உடனே அம்மாவின் மருந்தை இதில் வையுங்கள்" என்று முகப்பில் 4 என்று அமைத்தார். அன்றிரவு அப்புத்தளையில் தூக்கம் வராமல் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சில நிமிடம் ஓடும், பிறகு அரை மணி நேரம் மௌனம். ஓடும்போது அதுவும் 4 ஆம்பியர் அளவுதான் இழுக்கும். ஆனால் கேட்ட குளிர் வந்ததும் நின்றுவிடும். பட்டரி வோல்ட்டேஜ் இறங்கினால் தானாகவே அணைந்தும் விடும். காலையில் ஜீப் முதல் திருப்பிலேயே கிளம்பியது.

மறுநாள் எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கினோம். 30 கிலோமீட்டருக்குள் ஸ்வெற்றரைக் கழற்றி விசிறி தேட வைக்கும் பாதை அது. இராவணா நீர்வீழ்ச்சியில் நிற்காமல் போனோம், அத்தனை கூட்டம். வெல்லவாயவில் சாப்பாடு! நாட்டரிசிச் சோறு, பலாக்காய்க் கறி, சுடச்சுடப் பொரித்த குளத்து மீன், கடைசியில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும். கரண்டியை விட்டால் வெட்டியெடுத்தது போல வரும் தயிர். தலைக்கு 700 ரூபாய்தான். இந்தப் பயணத்தில் மனமாரக் கொடுத்த ஒரே பணம் இது. புறப்படும்போது இரண்டு சட்டி வாங்கினோம். ஒன்று என் பெட்டிக்கு, ஒன்று மச்சானின் ஃபிரிட்ஜுக்கு.

வெயிலில் நின்ற வானுக்குள் 43 பாகை. மச்சான் தன் வெப்பமானியை என் பெட்டிக்குள் வைத்தார். 24 காட்டியது. அவருடையது 4இலேயே நின்றது, கம்ப்ரசர் மட்டும் இடைவிடாமல் ஓடியது.

மாலை பண்டாரவளையில் சட்டிகளைத் திறந்தோம். என்னுடையதில் விரல் ஆழத்துக்கு மஞ்சள் தண்ணீர். தயிர் ஒரு பக்கமாகச் சரிந்து, நாக்கைக் கூசவைக்கும் அளவு புளித்திருந்தது. மச்சானுடைய சட்டியில் மேலேடு கூடக் கலையவில்லை. அம்மா அதிலிருந்துதான் இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டார்.

ஒரு லட்சம் இப்போது என்னிடம் இல்லை. ஆனாலும் கூலரை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எஞ்சின் ஓடும்போது சோடாப் போத்தலைக் குளிரவைக்க மட்டும் சரி, மருந்துக்கும் மீனுக்கும் வேண்டவே வேண்டாம். காசு குறைவென்றால் சாதாரண ஐஸ் பெட்டியில் உறையவைத்த தண்ணீர்ப் போத்தல்களை அடுக்குங்கள், பட்டரியாவது மிஞ்சும். ஏப்ரலில் மறுபடி போகிறோம். மச்சானின் ஃபிரிட்ஜில் அம்மாவின் மருந்துக்கு இடம் கேட்டு வைத்துவிட்டேன்.