முதுகில் ஒட்டிய அழுக்கு

லேசரால் அயனிகளை (மின்னூட்டம் கொண்ட அணுக்களை) முடுக்கும் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் என் வேலை, சிறு சட்டகத்தில் லேசர் அடிக்க வேண்டிய தகட்டை ஒட்டுவது. தகடு என்றால் சில மைக்ரான் தடிமன்தான், தலைமுடியைவிட மெல்லியது. இடுக்கியால் தூக்கும்போது பெருமூச்சு விட்டால் போதும், சுருண்டுவிடும். ஒட்டி முடித்து, அறையிலிருந்து காற்றை உறிஞ்சி, எல்லோரும் வெளியேறிக் கதவைப் பூட்டி, மின்தேக்கிகள் சார்ஜ் ஏறும்வரை காத்திருந்து, கடைசியில் லேசரின் ஒரே ஒரு ஷாட். ஒரு பிக்கோ நொடிகூட (நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) நீடிக்காது. தகட்டில் ஓட்டை விழுந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து.

உள்ளே நடப்பது இதுதான். ஒளித்துடிப்பு முன்பக்கம் மோத, சூடேறிய எலக்ட்ரான்கள் தகட்டைக் கடந்து பின்பக்கம் மேகமாய்த் திரள்கின்றன. அந்தச் சில மைக்ரான் இடைவெளியில் மீட்டருக்கு லட்சம் கோடி வோல்ட் என்ற கணக்கில் மின்புலம் எழும்பி, மேற்பரப்பு அயனிகளைப் பிடுங்கி எறிகிறது. வழக்கமான முடுக்கிகள் மீட்டருக்குச் சில கோடி வோல்ட்டைத் தாண்டவே திணறும்.

முதல் அளவீட்டில் எனக்குக் குழப்பம். வைத்தது அலுமினியம், வந்ததோ புரோட்டான். மூத்தவரிடம் கேட்டேன். “எல்லாம் தகட்டு முதுகில் ஒட்டியிருக்கிற அழுக்குப்பா” என்றார். நீராவி, பம்ப் எண்ணெயின் ஆவி, அவற்றிலுள்ள ஹைட்ரஜன். அதன் அணுக்கருதான் புரோட்டான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டியது ஒன்று, நாங்கள் முடுக்கியது வேறொன்று! (அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்துப் பெட்டாவாட் லேசரில் 58 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான்கள் வந்ததாக 2000-இல் அறிவித்தார்கள். அந்தக் காலத்தில் புரோட்டான்கள் தகட்டின் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகின்றன என்பதே பெரிய சண்டை.)

பிறகு எங்களுக்குக் கார்பன் தேவைப்பட்டது. எடை குறைந்த புரோட்டான் முதலில் ஓடி, புலத்தின் பலத்தைத் தின்றுவிடும், கார்பனுக்கு மிச்சம்தான். அதனால் பின்பக்கம் கார்பன் பூசிய டங்ஸ்டன் தகட்டில் மின்சாரம் பாய்ச்சிக் காய்ச்சி, அழுக்கை விரட்டினோம். ஷாட்டின்போது எழும் மின்காந்த அதிர்வு மின்வழங்கியைக் கொன்றுவிடுமே என்று, சார்ஜ் ஏறத் தொடங்கியதும் நான் அதை அணைத்து இணைப்பையும் கழற்றிவிட்டேன். பொறுப்பாக நடந்துகொண்டதாகவே நினைப்பு.

துகள்களை வகை பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில் ஒவ்வொரு மின்னூட்ட–நிறை விகிதத்துக்கும் ஒரு வளைகோடு விழும். கோடு நீண்டால் ஆற்றல் அதிகம். புரோட்டான் கோடு பளிச்சென்று, எப்போதும்போல. கார்பன் கோடுகள் தொடக்கத்திலேயே மங்கிவிட்டன. ஒரு நாளின் பாதி போயிற்று.

அன்றிரவு கணக்குப் போட்டேன். எங்கள் அறையின் அழுத்தம் வளிமண்டலத்தில் சுமார் பத்துக் கோடியில் ஒரு பங்கு. எவ்வளவு நல்ல வெற்றிடம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் மோதும் மூலக்கூறெல்லாம் ஒட்டிக்கொண்டால், ஆறிய பரப்பில் ஓர் அடுக்கு படிய ஒரு நொடி போதும். நான் கொடுத்ததோ சில நிமிடங்கள்.

மறுநாள் அணைக்கவில்லை. தகடு செந்தணலாய் இருக்கும்போதே ஷாட். புரோட்டான் கோடு இருக்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. கார்பன் கோடுகள் நீண்டு இறங்கியிருந்தன. மின்வழங்கி செத்துப்போயிருந்தது. மூத்தவர் அதைத் தூக்கிப் பழுதானவை அடுக்கில் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து அடுத்ததை எடுத்துவந்தார்.

2024-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வுக் குழு 150 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களை அறிவித்தது. ஆழத்திலுள்ள புற்றுக்கட்டியை எட்ட 200-க்கு மேல் வேண்டியிருக்கும் என்பதால் எல்லோருக்கும் அந்த எண்ணின் மேல்தான் கண். நான் கட்டுரையைத் திறந்ததும் போனது, தகட்டைப் பற்றிச் சொல்லும் பத்திக்கு.