தயிர்ச் சட்டியை ஆய்வு செய்யலாமா?

வடிவமைப்புப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் ஆய்வுத் தலைப்புத் தேடும் தம்பி தங்கைகள் பலர் ‘அழிந்துவரும் பனையோலைக் கைப்பணி’, ‘மறைந்துபோகும் மட்பாண்டக் கலை’ என்ற வகைத் தலைப்புகளுடனேயே வருகிறார்கள். தலைப்பிலேயே ஒப்பாரி வைத்துவிட்டால் உள்ளே கண்டுபிடிக்க என்ன மிஞ்சும்? திருகோணமலையில் நான் தயிர்ச் சட்டியைத் தேர்ந்தெடுத்தது, அது இன்னும் அழியவில்லை என்பதற்காகத்தான். பிளாஸ்டிக் வந்ததும் குடமும் வாளியும் மாறிவிட்டன. எருமைத் தயிர் மட்டும் மண் சட்டியை விடவில்லை. ஏன்?

கேள்வி இவ்வளவு சிறியதாக இருந்தால் போதும். ‘நகரப் பண்பாடு’ என்ற பெரிய சொல்லை முதல் பக்கத்தில் எழுதவே தேவையில்லை. தம்பலகாமத்து எருமைப் பட்டி, வீதியோரத் தயிர்க் கடை, பஸ்ஸில் சட்டியை மடியில் வைத்துப் போகும் பயணி என்று அது தானாகவே வந்து சேரும்.

முறையியல் அத்தியாயத்துக்கு எனக்குக் கைகொடுத்தது, அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கை. அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற அடிப்படையாக இருந்தது அதுதான். அதில் அவர்கள் சாதாரணச் செம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு கேள்விகளாக அடுக்குகிறார்கள். எவ்வளவு கொள்ள வேண்டும்? தலையில் சுமப்பதா, இடுப்பிலா, கையிலா? வெறுமையாக இருக்கும்போது நிறை எங்கே நிற்கிறது, நிரம்பியதும் எங்கே போகிறது? இன்னொரு பாத்திரத்தில் மோதினால் என்ன ஓசை எழும்? இந்தக் கேள்விகளை அப்படியே சட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அரைவாசி ஆய்வு முடிந்துவிடும்.

நேர்காணலுக்கு ஓடுமுன் ஒரு சட்டியை வாங்கி வந்து அளந்து வரையுங்கள். வாயின் விட்டம், சுவரின் தடிப்பு, அடியின் வளைவு எல்லாம் வேண்டும். விளிம்பு ஏன் சற்று வெளியே மடிந்திருக்கிறது என்பது படத்தில் புரியாது. மூடிய தாளின் மேல் நூலைச் சுற்றிக் கட்டிப் பார்த்தால் உடனே புரியும்: முடிச்சு வழுகுவதில்லை. பிறகு ஒரே பாலை, ஒரே உறைமோரை, மண் சட்டியிலும் பிளாஸ்டிக் கிண்ணத்திலும் ஊற்றி இரவு முழுவதும் விடுங்கள். பூச்சற்ற மண்ணின் நுண்துளைகள் தயிரின் நீரை உறிஞ்சும். வெளிச்சுவரில் அது ஆவியாகும்போது சட்டி குளிரும். வெறும் சட்டியை, பாலை ஊற்றுமுன்னும் தயிரை எடுத்த பின்னும் தராசில் வைத்தால் உறிஞ்சிய நீர் கிராம் கணக்கில் வந்துவிடும். ‘மண் சட்டித் தயிர் கட்டியாக இருக்கும்’ என்று ஊரே சொல்வதை நீங்கள் எண்ணால் சொல்கிறீர்கள். தேர்வாளர்களுக்குப் பிடித்த இடம் இது. நேரம் போதாவிட்டால் மற்ற அத்தியாயங்களைச் சுருக்குங்கள், இதைச் சுருக்காதீர்கள்.

களவேலையை, உலர்ந்த தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் காலத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மாரி மழையில் பச்சை மண் காயாது. சூளையைப் பார்க்கப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். கோட்டைப் பக்கத்திலும் துறைமுகத்தை அண்டியும் கமராவைத் தூக்குமுன் அனுமதி கேளுங்கள். பென்சிலும் கொப்பியும் அந்த இடங்களில் அதிகம் உதவும். (கோட்டைப் பக்கம் திரியும் மான்கள் கொப்பியைத் தின்ன வரும், அது வேறு கதை.)

கடைக்காரரிடம் போனதும் ‘உங்கள் பாரம்பரியத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று தொடங்கினால் பத்திரிகைப் பேட்டி மாதிரிப் பதில்தான் கிடைக்கும். கிண்ணியாவில் ஒரு ராத்தாவிடம், “பாலம் வருமுன் சட்டிகளை எப்படி அடுக்கிக் கொண்டுபோனீர்கள்?” என்று கேட்டேன். 2009இல் பாலம் திறக்கப்படும்வரை அங்கே ‘பாதை’ என்னும் மிதவையில் ஏறித்தான் கடலைக் கடக்க வேண்டும். “இருங்க மகன், காட்டுறன்” என்று எழுந்தவர், வைக்கோலைத் திரித்து இரண்டு சட்டிகளுக்கிடையே வைத்துக் காட்டினார். கையால் செய்து காட்டத்தக்க கேள்வியாகக் கேட்டால் நேர்காணல் தானாக நீளும். வெறுமையான சட்டிகள் வீட்டில் என்னவாகின்றன என்றும் கேளுங்கள். கோழிக்குத் தண்ணீர், சாம்பிராணிக்குத் தணல், செடிக்கு மண் என்று தனி அத்தியாயமே விரியும்.

வாய்மொழித் தேர்வில், “சரி, நீர் எதை வடிவமைத்தீர்?” என்று கட்டாயம் கேட்பார்கள். சட்டியில் மாற்ற எதுவும் இல்லை என்றேன். அறையில் சிறிது முகச்சுளிப்பு இருந்தது. பஸ் பயணிக்காக, பழைய உறியின் பின்னலைப் பின்பற்றி நான் செய்திருந்த தூக்கை மேசையில் வைத்து, நிரம்பிய சட்டியின் நிறையையும் அடியின் வளைவையும் காட்டி, கயிறு எந்த இடத்தில் தாங்க வேண்டும் என்று விளக்கினேன். மீதி நேரம் முழுவதும் முடிச்சைப் பற்றித்தான் கேட்டார்கள்.